ஆயிரம் வழி திறந்திருக்கும் ஊரில் மெனோனைட்டாக இருப்பது

கனடாவில் நான் இருக்கும் கிச்சினரில் இருந்து வடக்கே கொஞ்ச நேரம் கார் ஓடினால் செயின்ட் ஜேக்கப்ஸ், எல்மைரா என்ற ஊர்கள் வரும். அங்கே சாலையோரம் கறுப்புக் குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். ரொறொன்ரோவில் இருந்து சந்தை பார்க்க வரும் எங்கள் சனத்துக்கு மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு என்றால் அந்த வண்டிதான். அதனால் நானும் ஒரு மெனோனைட் சபையில் அங்கத்தவன் என்று சொன்னவுடன், "அப்ப வீட்டில கரண்ட் இருக்கோ?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார்கள்.

இருக்கிறது. காரும் இருக்கிறது, இணையமும் இருக்கிறது, பிள்ளைகளிடம் போனும் இருக்கிறது. எதை உடுப்பது, எங்கே வேலை செய்வது, காசை எதில் போடுவது என்று என் சபை எனக்குச் சட்டம் போடுவதில்லை. குதிரை வண்டிக்காரர்களுக்கு இருக்கும் வேலி எனக்கு இல்லை. ஆனால் அவர்கள் நம்பும் அடிப்படைகளை நானும் நம்புகிறேன். புரிந்துகொள்ளும் வயதில் தானாகக் கேட்டு எடுக்கும் ஞானஸ்நானம், ஆயுதம் எடுக்காமை, சத்தியம் செய்யாமலே உண்மை பேசுவது, எளிமை, ஒருவர் கஷ்டத்தை எல்லாரும் சேர்ந்து சுமப்பது. வேலி இல்லாத இடத்தில் இவற்றைக் கைவிடாமல் வாழ்வது எப்படி என்பதைத்தான் கனடா வந்த நாளில் இருந்து பழகிவருகிறேன். அதில் எனக்குப் பயன்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தமிழன் எப்படி மெனோனைட் ஆனான் என்ற கேள்வியையும் முதலில் முடித்துவிடுகிறேன். மெனோனைட்டுகள் என்றால் வெள்ளைக்கார விவசாயிகள் என்பது பழைய எண்ணம். இன்று உலகின் மிகப் பெரிய மெனோனைட் சபை எத்தியோப்பியாவில் இருக்கிறது. இந்தியாவில் தம்தரியில் 1899-லேயே மெனோனைட்டுகள் வந்து வேலை தொடங்கினார்கள். தெலங்கானாவின் மகபூப்நகர்ப் பக்கம் தெலுங்கு பேசும் மெனோனைட்டுகள் ஏராளம். நான் யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவன். 1995 இடப்பெயர்வுக்குச் சில வருடம் பிந்தி அகதியாக இங்கே வந்தேன். அகதி விசாரணைக்கு என் கதையை எழுத்தில் கொண்டுவர உதவியவர்களும், குளிருக்கு ஜாக்கெட் கொண்டுவந்து தந்தவர்களும் இந்த ஊர் மெனோனைட்டுகள். மதம் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன். அவர்களில் ஒரு வயோதிபப் பெண்மணி, தன் தகப்பன் 1924-ல் ரஷ்யாவில் இருந்து தப்பி வோட்டர்லூவில் வந்திறங்கியவர் என்றும், இங்கே இருந்த மெனோனைட் குடும்பங்கள்தான் அவரை வீட்டில் வைத்துப் பார்த்தன என்றும் சொன்னார். 1979 மார்ச்சில், அகதிகளைப் பொறுப்பேற்று அழைப்பதற்குக் கனடா அரசோடு முதலாவதாக ஒப்பந்தம் போட்டது மெனோனைட் மத்தியக் குழு என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். அந்தக் குழுவே 1920-ல் ரஷ்யப் பஞ்சத்துக்கு உதவத் தொடங்கப்பட்டதுதான்.

சில வருடம் கழித்து ஞானஸ்நானம் கேட்டேன். அப்போது ஊரில் இருந்த அம்மா போனில் அழுதார். "சின்னனிலயே உனக்கு ஞானஸ்நானம் குடுத்ததுதானே மோனே, பிறகேன் இன்னொண்டு?" என்றார். "அப்ப நீங்கள் எனக்காகச் சொன்னதை இப்ப நானே சொல்லப்போறன் அம்மா" என்று சொன்னேன். அம்மாவுக்கு அது முழுதாக உடன்பாடில்லை, இன்றைக்கும்தான்.

இந்தக் கேள்வியில்தான் மெனோனைட்டுகளின் கதையே தொடங்குகிறது. 1525 ஜனவரியில் சூரிக் நகர சபை, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு எட்டு நாளுக்குள் அதைக் கொடுக்காவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று கட்டளை போட்டது. அந்த 21ஆம் திகதி இரவு சில இளைஞர் ஒரு வீட்டில் கூடி, பெரியவர்களாக ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். கொன்ராட் கிரேபெல் அதில் ஒருவர். ஃபீலிக்ஸ் மான்ஸ் இன்னொருவர். இரண்டே வருடத்தில் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். நெதர்லாந்தில் மெனோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு 1536-ல் தன் பதவியை விட்டுவிட்டு இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரால்தான் நாங்கள் அழைக்கப்படுகிறோம்.

"இப்ப தெரிவுகள் கூடிப்போச்சு, அதனாலதான் விசுவாசம் குறையுது" என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். மெனோனைட் ஒருவர் அப்படிச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. எங்கள் முன்னோர் உயிரைக் கொடுத்தது தெரிவு செய்யும் உரிமைக்குத்தான். பலவற்றுக்கு நடுவே நின்று ஒன்றைத் தெரிந்தெடுக்காவிட்டால் அது எங்கள் கணக்கில் விசுவாசமே இல்லை. ஆகவே உலகத்தில் எத்தனை கடை திறந்திருக்கிறது என்று நான் கவலைப்படுவதில்லை. ஒன்றைத் தெரிவு செய்தபின் அதில் நிற்க யார் எனக்குத் துணை என்பதே என் கவலை.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர்கள் அந்தக் குதிரை வண்டிக்காரர்கள்தான். ஓல்ட் ஓர்டர் மெனோனைட்டுகள் என்று சொல்வார்கள். என் வேலைத்தளத்துக்கு அவர்களில் சிலர் இயந்திர உதிரிப்பாகம் செய்விக்க வருவார்கள், அப்படித்தான் பழக்கம். மின்சாரமும் தொலைபேசியும் அவர்களில் பலர் வீட்டில் உண்டு. காரும் தொலைக்காட்சியும் இணையமும் கிடையாது. அதே சாலையில் கறுப்பு நிறக் கார் மட்டும் ஓட்டும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மார்க்கம்-வோட்டர்லூ பிரிவினர், 1939-ல் தனியாகப் பிரிந்தவர்கள். காரின் மினுங்கும் குரோம் பம்பருக்கும் கறுப்பு அடித்து ஓட்டிய காலம் ஒன்று அவர்களிடம் இருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் இதில் ஒழுங்கே இல்லாதது போலத் தெரியும். போன் சரி, கார் பிழை, கார் சரி, மினுக்கம் பிழை என்றால் என்ன கணக்கு?

ஒருமுறை அப்படி வந்த ஒரு விவசாயியிடம் கேட்டேன். கார் பாவமா என்று. பாவம் என்று தாங்கள் சொல்வதில்லை என்றார். கார் வந்தால் பிள்ளைகள் இருபது மைல் தள்ளி வேலைக்குப் போவார்கள், ஞாயிறு பின்னேரம் பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டோம், களஞ்சியம் எரிந்தால் திரும்பக் கட்ட ஆள் கூடாது, அதனால் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம் என்றார். அவர்கள் முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு போன்ற அரசாங்கக் காசு வாங்குவதில்லை. ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் சபை முழுவதும் போட்டுக் கட்டும். அந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமென்றால் ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். குதிரைக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கு அன்றுதான் விளங்கியது.

நான் குதிரைக்கு மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை. ஆனால் அவர்களிடம் இருந்து இரண்டு பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஒன்று, புதிதாக எதாவது வீட்டுக்குள் வரும்போது "இது கூடுமா, கூடாதா" என்று கேட்பதை விட்டுவிட்டு, இது வந்தால் எங்கள் வீட்டு நேரம் எங்கே போகும், யாரோடு பேசுவது குறையும் என்று கேட்பது. மகளுக்குப் போன் வாங்கும்போது அப்படிக் கேட்டோம். போன் வாங்கினோம். இரவு எல்லாருடைய போனும், என்னுடையதும் சேர்த்து, குசினி மேசையில் படுக்கும் என்று முடிவெடுத்தோம். இரண்டாவது, வருடத்தில் இரண்டு முறை உட்கார்ந்து பார்ப்பது. ஓல்ட் ஓர்டர் சபைகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திருவிருந்துக்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். கடவுளோடும் அயலவரோடும் சமாதானமாக இருக்கிறாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். நானும் மனைவியும் அதே காலத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கி, யாரோடு மனஸ்தாபம் இருக்கிறது, காசு எங்கே போயிருக்கிறது, எந்தப் பழக்கம் கேட்காமலே வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். வங்கிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பது முக்கியம். வாய் சொல்லாததை அது சொல்லிவிடும்.

பெரிய சோதனை வேலையில் வந்தது. நான் மெஷின் ஷாப்பில் சிஎன்சி லேத் என்ற, கணினியால் ஓடும் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவன். ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில் இராணுவக் கவச வாகனம் செய்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அந்த வாகனங்களுக்கான உதிரிப்பாகம் கடையும் ஓடர் எங்கள் இடத்துக்கு வந்தது. நல்ல ஓடர். ஓவர்டைம் நிச்சயம். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் சபையில் ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாக வீடுகளில் கூடுவோம். அங்கே இதைக் கொண்டுபோனேன். போகும்போதே முடிவெடுத்துக்கொண்டு போய் ஆமென் வாங்குவது என்றால் போகத் தேவையில்லை. அதனால் உண்மையிலேயே தெரியாது என்ற நிலையில் போய்ச் சொன்னேன். அவர்கள் எனக்கு விடை சொல்லவில்லை. கேள்விகள் கேட்டார்கள். மறுத்தால் வேலை போகுமா? போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பாய்? நீ செய்யாவிட்டால் அந்த வேலையை யார் தலையில் கட்டுவார்கள்? மனைவி என்ன சொல்கிறாள்? குழுவில் இருந்த ஒரு வயோதிபர், தன் தகப்பனை 1941-ல் மொன்ட்ரியல் றிவர் முகாமுக்கு அனுப்பிய கதையைச் சொன்னார். ஆயுதம் எடுக்க மறுத்தவர்களை அரசாங்கம் அங்கே வைத்து நெடுஞ்சாலை போட வைத்தது. நாளுக்கு 50 சதம் சம்பளம். இரண்டாம் உலகப் போரில் கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி மறுத்தார்கள், அவர்களில் பெரும்பான்மை மெனோனைட்டுகள். தகப்பன் தனியாகப் போயிருந்தால் ஒரு கிழமையில் மனம் மாறியிருப்பார், ஊர்ப் பெடியன்கள் எல்லாரும் சேர்ந்து போனதால்தான் நின்றார் என்று அந்தக் கிழவர் சொன்னார்.

கடைசியில் இரண்டு குடும்பங்கள், தேவைப்பட்டால் சில மாதத்துக்கு வீட்டுக் கடனில் ஒரு பங்கைத் தாங்கள் கட்டுவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. போர்மனிடம் போய், என் சமய நம்பிக்கையால் இந்த ஓடரில் வேலை செய்ய முடியாது, வேறு எந்த இயந்திரத்தில் எந்த ஷிப்டில் விட்டாலும் செய்வேன் என்று சொன்னேன். கூட வேலை செய்பவர்களைக் குறை சொல்லும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விவசாய இயந்திரப் பாகம் செய்யும் இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஓவர்டைம் போனது. அந்தக் குடும்பங்களின் காசு தேவைப்படவில்லை. இதே நிலைமையில் இருக்கும் யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: மறுக்கும் முன் வீட்டு வரவு செலவைப் பாருங்கள், மாற்று வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், எழுத்தில் கொடுங்கள், உங்கள் ஆட்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். இதெல்லாம் செய்தாலும் கை முழுதாகச் சுத்தமாகாது. நான் கடைந்த ஏதோ ஒரு இரும்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த இடத்தில் மறுக்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆனால் வேலையை விடக் கடினம் நவம்பர் மாதம்.

11ஆம் திகதி, போரில் இறந்த படையினருக்கான கனடாவின் நினைவு நாள். அதற்கு முந்திய நாட்களில் வங்கியில், பள்ளிக்கூடத்தில், வேலைத்தளத்தில் எல்லார் நெஞ்சிலும் சிவப்பு பொப்பிப் பூ. மெனோனைட் மத்தியக் குழு அதே காலத்தில் ஒரு பேட்ஜ் தருகிறது. நினைவுகூர்வது என்றால் சமாதானத்துக்கு உழைப்பது என்று அதில் இருக்கும். நான் அதைக் குத்திக்கொள்கிறேன். யாராவது கேட்டால் சொல்வேன். தன் குடும்பத்தில் ஒருவரைப் போரில் இழந்தவர் முன்னால் நின்று வாதம் செய்ய மாட்டேன்.

27ஆம் திகதி, போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள். என் அண்ணா இயக்கத்துக்குப் போனவர். வன்னியில் இறந்தார். உடல் கிடைக்கவில்லை. அம்மா இப்போது ஸ்காபரோவில் அக்காவோடு இருக்கிறார், சுவரில் அண்ணாவின் படம். நான் சமாதான சபையில் சேர்ந்தது தெரிந்த பிறகு ஒரு மச்சான் முகத்துக்கு நேரே கேட்டான்: "கொண்ணர் என்னத்துக்குச் செத்தவர் எண்டு உனக்கு மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. அண்ணா போன வயதில் அவர் முன்னால் இருந்த தெரிவுகள் வேறு, இங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் எனக்கு இருக்கும் தெரிவுகள் வேறு. அவரைத் தீர்ப்பிட எனக்கு வாய் வராது. குண்டு போட்டவர்களையும் 2009-ல் முள்ளிவாய்க்காலில் நடந்ததையும் மறந்து சமாதானம் பேசவும் வராது. அதே நேரம், ஆயுதத்தால் எங்கள் சனத்துக்கு விடிவு வரும் என்று நான் நம்பவில்லை. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழக எனக்குப் பல வருடம் எடுத்தது. ஒன்றை மட்டும் சொன்னால் யாரோ ஒருவருக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

மாவீரர் நாள் நடக்கும் மண்டபத்துக்குத் தன்னோடு வரச் சொல்லி அம்மா கேட்டபோது, போகலாமா என்று குழுவில் கேட்டேன். சிலருக்குத் தயக்கம். கொடியும் சீருடைப் படங்களும் உள்ள இடத்தில் ஆயுதம் எடுக்காத சபைக்காரன் போய் இருப்பதா என்று. 1924 கதை சொன்ன அந்தப் பெண்மணி அப்போது பேசினார். அவருடைய மாமா ஒருவர் இரண்டாம் உலகப் போரில் கனடாப் படையில் சேர்ந்தவர். ஆயிரக்கணக்கான மெனோனைட் இளைஞர் அப்படிச் சேர்ந்தார்கள் என்பது எங்கள் சபைகளில் அதிகம் பேசப்படாத விஷயம். போர் முடிந்து வந்தவரை சபை ஏற்கவில்லை. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், தாயின் செத்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார். "நாங்கள் அன்றைக்குக் கொள்கையைக் காப்பாற்றினோம், ஆளைக் கைவிட்டோம். நீ போய் உன் தாய்க்குப் பக்கத்தில் இரு" என்றார் அந்தப் பெண்மணி.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் போகிறேன். மாலை 6.05க்கு மணி அடித்து விளக்கேற்றும்போது அம்மாவோடு சேர்ந்து அண்ணாவுக்காக ஏற்றுகிறேன். உறுதிமொழி சொல்லும்போது எழுந்து நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். மச்சானுக்கு அது போதாது. சபையில் ஓரிருவருக்கு நான் போவதே கூடுதல். இரண்டு பக்கமும் இப்படி இருப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது.

எங்கள் சபை நடையில் ஒரு பழைய செதுக்குப் படத்தின் பிரதி மாட்டியிருக்கிறது. டெர்க் வில்லம்ஸ் என்ற டச்சுக்காரரின் கதை. 1569-ல், தன் விசுவாசத்துக்காக அடைபட்ட சிறையில் இருந்து தப்பி உறைந்த நீர்நிலையின் மேல் ஓடுகிறார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுகிறான். டெர்க் திரும்பி வந்து அவனை இழுத்துக் காப்பாற்றுகிறார். பிடிபட்டு எரிக்கப்படுகிறார். அம்மா ஒருமுறை சபைக்கு வந்தபோது அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னேன். அம்மா டெர்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிடிக்க வந்தவனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். அவன் டெர்க்கை விட்டுவிடத்தான் பார்த்தான், ஆனால் நகரத் தலைவர் நீ எடுத்த சத்தியத்தை நினைத்துப் பார் என்று சத்தம் போட்டதால் பிடித்துக் கொடுத்தான் என்றேன். "ரெண்டு பேருமே பாவம்" என்றார் அம்மா.

சத்தியம் செய்யக் கூடாது என்று மலைப்பிரசங்கத்தில் இருப்பதை மெனோனைட்டுகள் அப்படியே எடுத்துக்கொள்வது ஏன் என்று எனக்கு அம்மாவின் அந்த வார்த்தையில்தான் உறைத்தது. நல்லது செய்ய நினைத்தவனின் கையை முன்பே கொடுத்த சத்தியம் கட்டிவிட்டது. நடைமுறையில் இது இங்கே பெரிய சிக்கல் இல்லை. நீதிமன்றத்திலும் குடியுரிமை விழாவிலும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதி கூறலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. விழாவுக்கு முன்பே அதிகாரியிடம் சொல்லிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. கஷ்டம் தினப்படி வாழ்க்கையில்தான். வரிப் படிவத்தில், பழைய காரை விற்கும்போது, "நாளைக்கு வாறன்" என்று போனில் சொல்லும்போது.

எளிமை விஷயத்தில் தமிழ்ச் சமூகத்துக்குள் வாழ்பவனுக்கு வரும் அழுத்தம் வேறு வகை. மகளின் சாமத்திய வீட்டை, அதாவது பூப்புனித நீராட்டு விழாவை, எப்படிச் செய்வது என்று வந்தபோது, ஹோல், மேடை அலங்காரம், வீடியோ, நீளமான லிமோ கார் என்று பட்டியல் தானாக வளர்ந்தது. மாமி, "சனம் என்ன சொல்லும்?" என்றார். மாமியோடு சண்டை பிடிக்காமல் மகளிடமே கேட்டோம். அவளுக்கு அம்மம்மா கையால் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும், சேலை கட்ட வேண்டும், தன் சிநேகிதிகள் வர வேண்டும். மேடையும் லிமோவும் வேண்டாம். வீட்டிலேயே செய்தோம். அன்பளிப்புக் காசு வேண்டாம், விரும்பினால் பள்ளிக்கூடப் பொருள் பை ஒன்று கொண்டுவாருங்கள் என்று அழைப்பில் எழுதினோம். கொப்பி, பென்சில் போட்டுத் தைத்த அந்தப் பைகளை மெனோனைட் மத்தியக் குழு அகதி முகாம்களுக்கு அனுப்புகிறது. மாமி நாலு பை தைத்துக்கொண்டு வந்தார். சடங்கின் சாரத்தை வைத்துக்கொண்டு ஆடம்பரத்தை மட்டும் கழிப்பதற்கு, யாருடைய சடங்கோ அவரைக் கேட்பதுதான் நான் கண்ட சுலபமான வழி.

சேமிப்பு விஷயம் சுருக்கமாக. ஓய்வூதியச் சேமிப்பை எந்த நிதியில் போடுகிறார்கள் என்று கேளுங்கள், ஆயுதக் கம்பெனிகளை விலக்கிய நிதிகள் உண்டு. இங்கே 1964-ல் மெனோனைட்டுகள் தங்களுக்குள் தொடங்கிய சேமிப்புக் கடன் சங்கம் 2016-ல் கின்ட்ரெட் என்று பெயர் மாற்றி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் வங்கியிலும் இப்படியான நிதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள், கேட்க வேண்டும் அவ்வளவுதான்.

சீட்டுக் காசில் ஒருவர் என்னை ஏமாற்றியபோது வழக்குப் போடச் சொன்னார்கள். மத்தேயு 18-ல் சொல்லியபடி முதலில் தனியாகப் போய்ப் பேசினேன், பிறகு இருவருக்கும் பொதுவான இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் முழுக்கச் சொல்லித் திரியவில்லை, அதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது. பாதிக் காசு மாதம் மாதமாக வந்தது. மீதி வரவில்லை, வராது. ஆனால் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னால் இன்றும் போக முடிகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது மகனின் விஷயம். அவனுக்கு வயது பதினேழு. ஞானஸ்நானம் இன்னும் கேட்கவில்லை, நாங்களும் கேள் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் இராணுவத் துணைப்படையில் பயிற்சி எடுத்தால் பாடப் புள்ளியும் கிடைக்கும், சம்பளமும் கிடைக்கும். அவன் கூட்டாளிகள் இருவர் சேர்கிறார்கள். அவனும் படிவம் கொண்டுவந்தான். பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

என் கையெழுத்து அதில் விழாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அது என் மனச்சாட்சி, அதை மறைத்து அவனோடு வாதம் செய்வது நேர்மையில்லை. பதினெட்டு ஆனதும் என் கையெழுத்துத் தேவையில்லை, அப்போது எடுக்கும் முடிவு உன்னுடையது என்றும் சொன்னேன். அதற்குள் மூன்று பேரோடு போய்க் கதைத்துவிட்டு வா என்று கேட்டேன். துணைப்படையில் இருந்து வந்த என் வேலைத்தள நண்பர் ஒருவர், மொன்ட்ரியல் றிவர் முகாமுக்குப் போனவரின் மகனான எங்கள் வயோதிபர், மற்றது அவனுடைய அப்பம்மா. முதல் இருவரோடும் கதைத்துவிட்டான். அப்பம்மாவிடம் போய் ஒரு பின்னேரம் முழுக்க இருந்துவிட்டு வந்தான். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

போன கிழமை காரில் வரும்போது, "நான் போனால் சபையில என்னை எப்பிடிப் பார்ப்பினம் அப்பா?" என்று கேட்டான். உன்னை வாசலில் நிறுத்த மாட்டார்கள் என்று சொன்னேன். அதற்காகப் போதகரோடும், மாமாவை இழந்த அந்தப் பெண்மணியோடும் நான் முன்பே கதைத்து வைத்திருக்கிறேன். அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை.